பாட்டு பொது, பதிவு யாருடையது? இணையத்தில் இலவச இசையை முறைப்படி இறக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் ஒரு காலத்தில் செல்போன் கடை என்றால் மெமரி கார்டில் பாட்டு ஏற்றும் இடம் என்றுதான் பொருள். கார்டை நீட்டினால், "பழசா, புதுசா, சாமிப் பாட்டா?" என்று ஒரு கேள்வி. டீ குடித்துவிட்டு வருவதற்குள் சில நூறு பாட்டுகள் ஏறியிருக்கும். யாருடைய பாட்டு, யார் அனுமதித்தார்கள் என்று கடைக்காரரும் கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை. கடைகள் குறைந்துவிட்டன. பழக்கம் மட்டும் நம் விரல் நுனியில் மிச்சம் இருக்கிறது.

என் மைத்துனர் திருவிடைமருதூர் பக்கம் மைக் செட் வைத்திருக்கிறார். கல்யாண வீடியோவும் எடுப்பார். போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் மண்டபத்து மேளத்தின் ஒலி வீடியோவில் இரைச்சலாகப் பதிவாகிவிட்டது. 'இலவசம்' என்று போட்டிருந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து நாகஸ்வரத்தை இறக்கி அதன்மேல் ஒட்டினார். இணையத்தில் ஏற்றிய மறுநாளே யாரோ உரிமை கோரிவிட, முகூர்த்தக் காட்சி முழுவதும் ஊமையாகிவிட்டது. கெட்டிமேளம் இல்லாத தாலிகட்டு! பெண்ணின் பெரியப்பா தொலைபேசியில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

"கீர்த்தனை தியாகராஜ சுவாமிகளுடையது. அவர் 1847-இல் சித்தியடைந்தார். இப்போது வந்து யார் உரிமை கேட்பது?" என்றார் மைத்துனர். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இவ்வளவும் கற்றுக்கொண்டேன்.

முதல் படி: எதற்காக என்று முடிவு செய்யுங்கள்

தேடத் தொடங்குமுன் இதைத் தீர்மானித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் மட்டும் காதில் மாட்டிக் கேட்கவா, விழாவில் ஒலிபரப்பவா, வீடியோவில் சேர்த்து உலகத்துக்குக் காட்டவா? இவை மூன்றும் வேறு வேறு. கேட்பதற்கு அனுமதி தரும் பல இசைக்கோப்புகள் வீடியோவில் சேர்க்க அனுமதி தருவதில்லை. கடையிலோ ஹோட்டலிலோ நாள் முழுவதும் ஓடவிடுவது நான்காவது வகை. அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

விழாவில் ஒலிபரப்புவதைப் பற்றி மைக் செட்காரர்கள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உண்மையான சமயச் சடங்குகளில் பாட்டு ஒலிப்பதற்கு விலக்கு அளிக்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அந்த விலக்கில் அடங்கும் என்று விளக்கக் குறிப்பே இருக்கிறது. ஆகவே மாப்பிள்ளை அழைப்பில் பாட்டுப் போடுவதற்காக யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த விலக்கு மண்டபத்தோடு முடிந்துவிடுகிறது. அதே பாட்டை வீடியோவில் சேர்த்து இணையத்தில் ஏற்றுவதற்கு அது குடை பிடிக்காது.

இரண்டாம் படி: ஒரு பாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

காவிரித் தண்ணீர் எல்லோருக்கும் பொது. அதை மொண்டு வைத்த குடம் மொண்டவருடையது. மைத்துனரின் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். கீர்த்தனை பொது, அதை வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவு, பதிந்தவருடையது. ஒரு ஒலிக்கோப்பில் குறைந்தது மூன்று உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன: பாடல் வரி, மெட்டு, ஒலிப்பதிவு. மூன்றும் காலம் கடந்திருந்தால் மட்டுமே அந்தக் கோப்பு முழுவதும் பொது. ஒன்று மிச்சம் இருந்தாலும் அதற்கு உரியவரின் அனுமதி வேண்டும்.

காலக்கணக்குக்கு நான் ஒரு சுருக்கு வழி வைத்திருக்கிறேன்: 61 கூட்டு. இந்தியச் சட்டப்படி வரிக்கும் மெட்டுக்கும் படைப்பாளி மறைந்த பிறகு 60 ஆண்டு பாதுகாப்பு. ஒலிப்பதிவுக்கு அது முதலில் வெளியானதிலிருந்து 60 ஆண்டு. இரண்டு கணக்கும் அடுத்த ஆண்டு ஜனவரி 1-இல்தான் தொடங்கும். எனவே மறைந்த ஆண்டோடு, அல்லது வெளியான ஆண்டோடு 61 கூட்டினால் வரும் ஆண்டின் முதல் நாள் பாதுகாப்பு விலகிவிடும்.

நம் பக்கத்து ஆட்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

திருவாரூரில் பிறந்த கர்நாடக இசை மும்மூர்த்திகள் மூவரும் 1847-க்குள் மறைந்துவிட்டார்கள். தமிழிசையின் சீர்காழி மூவர் அதற்கும் முந்தையவர்கள். கோபாலகிருஷ்ண பாரதி மறைந்தது 1896. இவர்களுடைய பாடல்களில் எதையும் யாரும் பாடலாம், பதியலாம், விற்கலாம். நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளியான இசைத்தட்டு எதுவானாலும் 1956 கூட்டல் 61, அதாவது 2017 ஜனவரி 1-இலிருந்து இந்தியாவில் ஒலிப்பதிவு உரிமை தீர்ந்துவிட்டது. அவர் அதில் வாசித்தது தியாகராஜ கீர்த்தனை என்றால் மூன்று அடுக்கும் பொது. ஆனால் அவர் வாசிப்பு எங்கோ நாடாவில் கிடந்து 1970-களில்தான் முதன்முறையாகத் தட்டாக வெளிவந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இன்னும் பொதுவாகவில்லை. வாசித்த ஆண்டு கணக்கில் வராது, வெளியான ஆண்டுதான் வரும். நிறையப் பேர் வழுக்கி விழும் இடம் இது.

சினிமாப் பாட்டுக்கு வருவோம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் மறைந்தார். அவருடைய வரிகள் 2020 ஜனவரி 1 முதல் எப்படியும் பொது. 1950-களின் இசைத்தட்டும் காலம் கடந்தது. இரண்டு அடுக்கு போயிற்று. மெட்டு? அது விஸ்வநாதன்–ராமமூர்த்தி போட்டதாக இருந்தால், இருவரில் கடைசியாக மறைந்தவரின் ஆண்டுதான் கணக்கு. எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015; 61 கூட்டினால் 2076. உங்கள் பேரன் காலம். மயிலாடுதுறையில் பிறந்த எம்.கே.தியாகராஜ பாகவதர் 1940-களில் பாடிய பாட்டுகளிலும் இதே சிக்கல்தான், அடுக்கு மட்டும் மாறும். தட்டு பழசு. ஆனால் பாட்டை எழுதியவர் பாபநாசம் சிவன் என்றால் அவர் மறைந்தது 1973. 2034 வரை பொறுத்திருக்க வேண்டும். 'கறுப்பு வெள்ளைப் படப் பாட்டெல்லாம் இலவசம்' என்று டீக்கடையில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு முள்ளும் இருக்கிறது. இணையத்தில் ஏற்றுகிற வீடியோ அமெரிக்காவிலும் தெரியும். அங்கே கணக்கு வேறு. 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு அங்கே 100 ஆண்டு பாதுகாப்பு, 1947 முதல் 1956 வரையிலானவற்றுக்கு 110 ஆண்டு. இங்கே பொதுவான தட்டுக்கு அங்கே ஒருவர் உரிமை கோர முடியும். வீட்டில் கேட்பதற்கு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வீடியோ போடுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: உரிமக் குறிகளை வாசிக்கப் பழகுங்கள்

காலம் கடக்காத இசையையும் படைத்தவரே மனமுவந்து கொடுப்பதுண்டு. அதற்கான பொதுவான முத்திரைதான் கிரியேட்டிவ் காமன்ஸ். 2001-இல் தொடங்கிய அமைப்பு. அதன் உரிமங்கள் 2002 முதல் புழக்கத்தில் இருக்கின்றன. வட்டத்துக்குள் இரண்டு 'சி' எழுத்து இருக்கும். அதன் பக்கத்தில் வரும் எழுத்துகளில்தான் விஷயமே இருக்கிறது.

'பி-ஒய்' என்றால் படைத்தவர் பெயரைச் சொல்லுங்கள், வேறு கட்டுப்பாடு இல்லை. 'எஸ்-ஏ' என்றால் இதை வைத்து நீங்கள் செய்ததையும் இதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். 'என்-சி' என்றால் வணிகத்துக்கு ஆகாது. கல்யாண வீடியோ எடுத்துக் காசு வாங்குகிறவர் 'என்-சி' இசையைத் தொடாமல் இருப்பதே நல்லது. "வீடியோவுக்குத்தான் காசு, பாட்டுக்கு இல்லை" என்ற வாதம் எடுபடாது. 'என்-டி' என்றால் மாற்றக் கூடாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாட்டை வெட்டவில்லை, ஒட்டவில்லை, முழுதாகத்தானே போட்டேன் என்பார்கள். ஆனால் ஓடும் படத்தோடு இசையைப் பொருத்துவதே மாற்றம்தான் என்று அந்த உரிமம் எழுதி வைத்திருக்கிறது. ஆகவே 'என்-டி' இசை கேட்க மட்டும், வீடியோவுக்கு இல்லை.

'சி-சி-ஜீரோ' என்று இருந்தால் உரிமையாளர் எல்லாவற்றையும் கைகழுவிவிட்டார் என்று பொருள். பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. சொன்னால் மரியாதை.

'ராயல்டி ஃப்ரீ' என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம். ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் காசு கட்ட வேண்டாம் என்பது மட்டுமே அதன் பொருள். முதல் முறை கட்ட வேண்டியிருக்கலாம்.

நான்காம் படி: போக வேண்டிய இடங்கள்

இன்டர்நெட் ஆர்கைவ். பழைய இசைக்கு நான் முதலில் போவது இங்கேதான். 1996-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய இணைய நூலகம். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டுகளை ஊசி வைத்து ஓட்டி, கீறல் சத்தத்தோடு அப்படியே கோப்பாக்கி வைத்திருக்கிறார்கள். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். கோயிலில் இரவெல்லாம் ஒரு ராகத்தை வாசித்த வித்வான்கள் அதை மூன்று நிமிடத்துக்குள் எப்படிச் சுருக்கினார்கள் என்று கேட்பதே ஒரு படிப்பு. தேடல் பெட்டியில் பெயரை இட்டு, ஒலிக்கோப்புகளை மட்டும் வடிகட்டுங்கள். இடப்பக்கம் ஆண்டு, மொழி என்று பிரித்துக் காட்டும். கோப்பின் பக்கத்தில் கீழே இறங்கினால் வலப்பக்கம் எம்பி3, ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாமல் சேமிக்கும் வகை) என்று வகைகள் வரிசையாக இருக்கும். வேண்டியதைச் சொடுக்கினால் போதும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த நூலகத்தில் யார் வேண்டுமானாலும் கோப்பை ஏற்றலாம். நேற்று வந்த படத்தின் பாட்டுகளையும் யாராவது ஏற்றி, மேலே 'பொது' என்று முத்திரையும் குத்தி வைத்திருப்பார்கள். முத்திரை குத்தியவர் உரிமையாளரா என்று பாருங்கள்; இல்லையென்றால் 61 கூட்டுங்கள். 'ஆர்கைவில் இருக்கிறது' என்பது சான்று ஆகாது.

ஃப்ரீ மியூசிக் ஆர்கைவ். 2009-இல் அமெரிக்காவின் ஒரு வானொலி நிலையம் தொடங்கியது. பிறகு கைமாறி இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் அதன் உரிமம் தெளிவாக இருக்கும் என்பதால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்ற இடம். நம் இசை குறைவு. பின்னணிக்கு ஏற்ற வாத்திய இசை ஏராளம்.

யூடியூப் ஆடியோ லைப்ரரி. வீடியோ போடுகிறவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. யூடியூப் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தால் இடப்பக்கப் பட்டியலில் இருக்கும். மனநிலை, இசை வகை, நீளம் என்று வடிகட்டலாம். சிலவற்றுக்குப் பெயர் சொல்ல வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம். அதையும் வடிகட்டிப் பார்க்க முடியும்.

கெவின் மெக்லியோட் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் இன்காம்பிடெக் என்ற தன் தளத்தில் தன் இசையை 'பி-ஒய்' உரிமத்தில் கொட்டி வைத்திருக்கிறார். பெயர் மட்டும் போட்டால் போதும், காசு வாங்கும் வீடியோவுக்கும் ஆகும். பெயர் தெரியாவிட்டாலும் நீங்கள் எங்காவது அவர் இசையைக் கேட்டிருப்பீர்கள்.

ஜமெண்டோவில் தனியாகக் கேட்பதற்கு இலவசமாக இறக்கலாம். வீடியோவுக்கும் கடைக்கும் தனியாகக் காசு கட்டி உரிமம் வாங்க வேண்டும். பேண்ட்கேம்ப் தளத்தில் சில கலைஞர்கள் 'உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்' என்று வைத்திருப்பார்கள். சுழியம் என்று இட்டாலும் பாட்டு வந்துவிடும். மனதுக்குப் பிடித்தால் அடுத்த முறை நூறு ரூபாய் போடுங்கள். பிக்சாபே தளத்தின் இசைக்குப் பெயர் சொல்லக்கூட வேண்டாம். ஆனால் அங்குள்ள சில கோப்புகள் யூடியூபின் தானியங்கிப் பட்டியலிலும் பதிவாகியிருப்பதால் உரிமைக் கோரிக்கை வரலாம். இறக்கும்போதே உரிமச் சான்றையும் சேர்த்து இறக்கிவிடுங்கள்.

விக்கிமீடியா பொதுவகம் சின்னக் கடைதான், சுத்தமான கடை. 'என்-சி', 'என்-டி' உரிமக் கோப்புகளை அங்கே ஏற்றுக்கொள்வதே இல்லை. அதனால் அங்கிருப்பதைப் பெயர் சொல்லி எந்த வேலைக்கும் எடுக்கலாம். 'எஸ்-ஏ' இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

தேவாரத்துக்கு ஒரு தனி வரி. மயிலாடுதுறையை ஒட்டிய தருமபுரம் ஆதீனத்தின் பன்னிரு திருமுறைத் தளத்தில் உரையோடு ஓதுவார்களின் குரலும் இருக்கிறது. சம்பந்தரின் பதிகம் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பொது. ஓதியவரின் பதிவு இக்காலத்தது. தாராளமாகக் கேளுங்கள், வீடியோவில் சேர்க்க வேண்டுமானால் எழுதிக் கேட்டு அனுமதி பெறுங்கள்.

பணம் கட்டும் பாட்டுச் செயலிகளில் 'டவுன்லோட்' என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது இந்தக் கணக்கில் வராது. அந்தப் பாட்டு செயலிக்குள் பூட்டியே இருக்கும். சந்தா நின்றால் அதுவும் போய்விடும். யூடியூப் வீடியோவிலிருந்து ஒலியை உருவி எடுத்துத் தரும் தளங்களையும் விட்டுவிடுங்கள். அது அந்தத் தளத்தின் விதிக்கு முரண்; உருவித் தருகிறவர்கள் கூடவே எதை அனுப்புகிறார்கள் என்பதும் தெரியாது.

ஐந்தாம் படி: தேடும் சொல்லை மாற்றி மாற்றிப் போடுங்கள்

நம் இசையைத் தேடுவதில் பெரிய தொல்லை எழுத்துக்கூட்டல்தான். நாகஸ்வரம், நாதஸ்வரம், நாயனம் மூன்றையும் தேட வேண்டும். ஆங்கில எழுத்தில் 'டி' ஒன்று போட்டும், 'டி-எச்' சேர்த்தும், 'வி' போட்டும், 'டபிள்யூ' போட்டும் தேட வேண்டும். பிள்ளை என்பதை எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். வித்வான் பெயரில் கிடைக்காவிட்டால் ஊர்ப் பெயரில் தேடுங்கள்: திருவாவடுதுறை, திருவிடைமருதூர், நீடாமங்கலம், வலங்கைமான். தட்டு வெளியான காலத்தில் ஊரை எப்படி எழுதினார்கள் என்றும் யோசியுங்கள். மயிலாடுதுறை அன்று மாயவரம், தஞ்சாவூர் டான்ஜூர். ராகத்தின் பெயரை மட்டும் இட்டுத் தேடியும் நான் சில நல்ல பதிவுகளைக் கண்டெடுத்திருக்கிறேன்.

கேட்டுப் பார்க்காமல் இறக்காதீர்கள். 'தவில் தனி' என்று எழுதியிருந்ததை இறக்கிப் பார்த்தால் உள்ளே பாங்க்ரா மேளம் இருந்த கதை எனக்கு நடந்திருக்கிறது.

ஆறாம் படி: இறக்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருங்கள்

மேலே சொன்ன இடங்களில் இந்த ஆபத்து குறைவு. தேடுபொறி வேறு எங்காவது கொண்டுபோய் விட்டால்தான் கவனம் வேண்டும். ஒரே பக்கத்தில் பச்சையாக நான்கு 'டவுன்லோட்' பொத்தான்கள் இருந்தால் நான்குமே விளம்பரமாக இருக்கலாம். பாட்டுக் கோப்பின் வால் எம்பி3, ஃப்ளாக், வேவ், ஓக் என்று முடிய வேண்டும். 'ஏபிகே' என்றோ 'எக்ஸ்இ' என்றோ முடிந்தால் அது பாட்டில்லை, உடனே அழித்துவிடுங்கள். பாட்டைக் கேட்க ஒரு செயலியை நிறுவச் சொன்னாலும், அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டாலும், ஓடிபி கேட்டாலும் வந்த வழியே திரும்புங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். இணையக் குற்றப் புகாருக்கு நாடு முழுவதும் அதே எண்தான்.

சட்டத்தின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 63-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆதாய நோக்கம் இல்லாதபோது நீதிமன்றம் குறைக்கலாம். திருட்டு வீடியோ விற்பவர்களைத் தமிழ்நாடு அரசு 2004-இலேயே குண்டர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டது.

எந்த வகைக் கோப்பு என்று கேட்பீர்கள். எம்பி3-இல் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி, 320 என்றால் 2.4 எம்பி. பேச்சுக்கு 128 போதும். நாகஸ்வரத்துக்கும் தாளத்துக்கும் போதாது. தாளத்தின் ஜிங்காரம் தகரத்தைத் தட்டியது போல் கேட்கும். எடிட்டிங்குக்கு ஃப்ளாக் கிடைத்தால் அதையே எடுங்கள். கோப்பு பெரிது, ஐப்பசி மழையில் எங்கள் ஊர் சிக்னல் இருக்கிற இருப்பில் இரவு பதினொரு மணிக்கு மேல் போட்டுவிட்டுத் தூங்கப் போவதே வழி.

ஏழாம் படி: சான்றைக் கட்டி வையுங்கள்

இதைச் செய்பவர்கள் நூற்றில் ஒருவர்தான். வம்பு வரும்போது தப்பிப்பவரும் அந்த ஒருவர்தான். பாட்டை இறக்கும் அன்றைக்கே உரிமம் தெரிகிற பக்கத்தைப் படம் பிடித்து, பாட்டோடு அதே கோப்புறையில் போடுங்கள். தேதி தெரிய வேண்டும். தளம் மூடிப் போகலாம், கலைஞர் உரிமத்தை மாற்றலாம். மாற்றுவதற்கு முன் கிரியேட்டிவ் காமன்ஸில் பெற்றவருக்குப் பழைய உரிமம் செல்லும். ஆனால் பெற்றதைக் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டுமே!

'பி-ஒய்' இசைக்கு நன்றி வரி நான்கு செய்திகளைச் சொல்ல வேண்டும்: பாட்டின் பெயர், படைத்தவர், எடுத்த இடம், உரிமம். இப்படி: "பின்னணி இசை: (பாட்டின் பெயர்), (படைத்தவர் பெயர்), (தளத்தின் முகவரி), கிரியேட்டிவ் காமன்ஸ் பி-ஒய் 4.0." வீடியோவின் கீழே விளக்கப் பகுதியில் போட்டால் போதும். 'நன்றி: கூகுள்' என்று போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூகுள் யாருக்கும் பாட்டுப் பாடிக் கொடுக்கவில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் கோரிக்கை வரலாம். யூடியூபின் கன்டென்ட் ஐடி என்பது ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் எந்திரம். அதற்குச் சட்டம் தெரியாது. ஒரே கீர்த்தனையை இரண்டு பேர் ஒரே சுருதியில் வாசித்தால்கூடக் குழம்பலாம். வந்திருப்பது கோரிக்கையா (கிளெய்ம்), அபராதப் புள்ளியா (ஸ்ட்ரைக்) என்று முதலில் பாருங்கள். கோரிக்கையால் கணக்குக்குக் கெடுதல் இல்லை. விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும், அல்லது அந்த இடம் ஊமையாகும். உங்கள் பக்கம் சான்று இருந்தால் மறுப்பு எழுதுங்கள். கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். சொல்லாவிட்டால் கோரிக்கை தானே விழுந்துவிடும். சான்று இல்லாமல் வீம்புக்கு மறுக்க வேண்டாம்.

பென் டிரைவில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. மைக் செட் ஆம்ப்ளிஃபயர்களும் கார் பெட்டிகளும் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் வடிவமைத்த டிரைவைத்தான் வாசிக்கும். ஃப்ளாக் கோப்பைக் கண்டால் பல பெட்டிகள் வாய் திறப்பதில்லை. கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் பழைய பெட்டிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். 01, 02 என்று எண் போட்டு வைத்தால் விடியற்காலை நாலு மணிக்குக் கோயிலில் தடுமாற வேண்டாம்.

எட்டாம் படி: கிடைக்காவிட்டால் பதிவு செய்யுங்கள்

கல்யாணத்துக்கு ஏற்ற, தெளிவான, எந்த வேலைக்கும் அனுமதி தருகிற நாகஸ்வரப் பதிவு இணையத்தில் மிகக் குறைவு. தேடிச் சலித்த பிறகுதான் எனக்கு உறைத்தது: காவிரிப் படுகையில் உட்கார்ந்துகொண்டு நாகஸ்வரத்தை இணையத்தில் தேடுவது, கொழுந்து வெற்றிலைத் தோட்டத்தில் நின்றுகொண்டு பொட்டலம் கட்டிய வெற்றிலையைத் தேடுவது மாதிரி. வாசிப்பவர்கள் மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.

நீங்கள் பதிவு செய்தால் ஒலிப்பதிவின் உரிமை உங்களுடையது. வாசிப்பவர்களின் சம்மதம் மட்டும் வேண்டும். கலைஞருக்கு அவருடைய வாசிப்பின் மீது 50 ஆண்டு உரிமை இருக்கிறது. ஒரு தாளில் தேதி, இடம், வாசிக்கப்போகும் உருப்படிகள், எதற்கெல்லாம் பயன்படுத்துவீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். நாகஸ்வரம் இருவர், தவில் இருவர், தாளம் ஒருவர் என்றால் ஐந்து கையெழுத்து. ஒருவர் மட்டும் மற்றவர்களுக்காகப் போடக் கூடாது.

உருப்படிகளை மும்மூர்த்திகள், கோபாலகிருஷ்ண பாரதி என்று பழையவர்களிடமிருந்தே தேர்ந்தெடுங்கள். முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போது மேளத்தில் சினிமாப் பாட்டுகள் கிளம்பும். அப்போது பதிவை நிறுத்திவிடுங்கள். ஒலிவாங்கியைக் குழாய் ஒலிபெருக்கிக்கு எதிரே வைக்காதீர்கள். தவில் பக்கம் வைத்தாலும் தவில் மட்டுமே கேட்கும். நாகஸ்வரக்காரர்களுக்கு எதிரே பத்துப் பன்னிரண்டடி தள்ளி, ஆள் உயரத்துக்கு மேலே தாங்கியில் நிறுத்துங்கள். கெட்டிமேளத்துக்கு முன்பே ஒலி அளவைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை நிமிடத்தில்தான் எல்லோர் பதிவும் உடைந்து போகிறது.

மைத்துனர் இப்போது மேளத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே இந்தத் தாளையும் நீட்டிவிடுகிறார். ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு வந்த வித்வான் தாளை இரண்டு முறை வாசித்தார். காசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வீடியோவில் எங்கள் பெயர் வருமா?" என்றார். வரும் என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டு, தவில்காரர் பெயரையும் ஊரோடு சேர்த்து எழுதச் சொன்னார்.